ஆயில் இருக்கிறது, தண்ணீர் இல்லை

அன்பு மகன் செல்வத்துக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் என் கை கோட்டுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஐம்பது வருடம் ஸ்பானர் பிடித்த கை. பேனாவையும் அதே மாதிரி இறுக்கியதில் இரண்டு பேனா முனை போய்விட்டது, இப்போது பென்சிலால் எழுதுகிறேன். ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு தடவையும் மேசையில் விரலால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளில் வைக்கிறேன். ‘ழ’ வரும் சொல்லாக இருந்தால் வேறு சொல் கிடைக்குமா என்று தேடுகிறேன், கிடைக்காதபோதுதான் அதை எழுதுகிறேன். இந்தப் பத்தி முடிவதற்குள் உன் அம்மா வைத்த டீ ஆறிவிட்டது. நீ கோயில் வகுப்பில் படித்த தமிழை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். நானும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒருவருக்கொருவர் அவசரப்படுத்த வேண்டாம்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். சொல்லச் சொல்ல யாரும் எழுதித் தரவில்லை. எழுபத்தொரு வயதில் உன் அப்பாவுக்கு எழுத்து வந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் இட்லிக்கடைப் பாக்கியம் காலையில் கடை முடித்துவிட்டு எங்களைப் போன்ற ஐந்து கிழங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். என்னைவிட இருபது வயது சின்னவள், என்றாலும் நான் அவளை, பர்மியக்காரர்கள் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி, சாயாமா என்றுதான் கூப்பிடுகிறேன். டீச்சருக்கு அந்த மரியாதை உண்டு. அவளுக்குத்தான் என்னிடம் மரியாதை இல்லை. “மாமா, இது ‘க’வா, சைலன்சரா? வால் எதுக்கு இவ்வளவு நீளம்?” என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்கிறாள். கேட்கட்டும். இப்போது நான் தெருவில் நடந்தால் சும்மா நடப்பதில்லை. கோயில் சுவரில் உள்ளதை, ஊதுபத்திப் பெட்டியில் உள்ளதை, தமிழில் எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிக்கிறேன். உன் அம்மா முன்னால் தள்ளிப் போய்விடுகிறாள், தெரியாத ஆள் மாதிரி.

இவ்வளவு நாளும் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரியும். அவள்தான் பர்மிய எழுத்தில் வருவதையெல்லாம் எனக்கு வாசித்துச் சொல்வாள். உன்னிடம் நான் ‘கண்ணாடியை மறந்துவிட்டேன்’ என்றே இருபது வருடம் ஓட்டினேன். போட்டாதாங் படகுத்துறையில் வேலை பார்த்த காலத்தில் எந்தப் படகு எங்கே போகிறது என்பதை வண்ணத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். இஞ்சின்களுக்கும் எனக்கென்று அடையாளங்கள் வைத்திருந்தேன். தண்ணீர் வடித்த இஞ்சினுக்குக் கம்பி, டீசல் வடித்ததற்குச் சணல், ஆயில் வடித்ததற்குச் சிவப்புத் துணி. அந்தச் சிவப்புத் துணியைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுதத்தான் எழுத்தே கற்றேன் என்றும் சொல்லலாம்.

முதலில் உன் குரல் செய்திக்குப் பதில். உன் அம்மா அதை மூன்று தடவை போட்டாள். “அப்பா, அந்த மெஷின வித்துடுங்க. ஷ்வேப்யிதாவுல இருந்து கோ லின்னு ஒருத்தர் வருவாரு, பேசிட்டேன். இப்ப யாருப்பா டீசல் ஊத்தி ஓட்டுறா? நீங்க ரெண்டு பேரும் பினாங்குக்கு வந்துடுங்க. நான் அங்க திரும்பி வர்றதெல்லாம்… விடுங்கப்பா.” அந்த ‘விடுங்கப்பா’வில்தான் எனக்குக் கோபம். மற்றதெல்லாம் நீ சொன்னது நிஜம். ஒரு காலத்தில் தாகேதாவில் நம் தெருவில் பதினொரு வீட்டுக்கு நம் ஜெனரேட்டரிலிருந்து கம்பி போனது. இன்று தகரக் கூரைக்குத் தகரக் கூரை சோலார் தட்டு, கட்டிலுக்கடியில் பேட்டரி. டீசலுக்கு வரிசையில் நிற்க என் முட்டியால் ஆகாது. ஓட்ட வேண்டாம் என்பது சரி. அதற்காக விற்க வேண்டும் என்று யார் சொன்னது? இஞ்சினை முறையாகத் தூங்கவைக்கத் தெரிந்தவன் ஒருவன் இந்த வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

கோ லின் சனிக்கிழமை காலை சின்ன லாரியும் இரண்டு ஆட்களுமாக வந்தான். என்னைக் கேட்காமலே கூடத்துக்குப் பின்னாலிருக்கும் கொட்டகைக்குப் போய் இஞ்சினைத் தட்டிப் பார்த்தான். பேச்சு பர்மியத்தில்தான் நடந்தது. எனக்கு எழுத வரும் எழுத்து தமிழ் ஒன்றுதான், அதனால் தமிழில் படித்துக்கொள்; அவன் சொன்ன ‘ஊலே’யை மட்டும் ‘மாமா’ என்று மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

“ஊலே, உங்க மகன் எல்லாம் பேசிட்டாரு. நீங்க கம்பிய மட்டும் கழட்டி விட்டாப் போதும்.”

“என் மகன் அவன் மெஷினப் பத்திப் பேசியிருப்பான். இது என் மெஷின்.”

“இதுல என்ன இருக்கு ஊலே? ஓடுமான்னே தெரியல. நான் பழைய இரும்புன்னுதான் எடுக்குறேன்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “தம்பி, இவரையும் சேத்துத் தூக்கித் தராசுல வை. இவரும் அந்த வருசத்து இரும்புதான்.”

லாரி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரே சுத்து. ஓடலேன்னா நீ தூக்கிட்டுப் போ. ஓடிச்சுன்னா டீ குடிச்சிட்டு வெறுங்கையோட போ” என்றேன். உன் அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். உன்னிடம் மறைப்பானேன், ஓடும் என்று எனக்கே நிச்சயமில்லை. ஏழு மாதமாக அதை ஓட்டவில்லை. கைப்பிடியை மாட்டி, சுற்று லேசாக வர இஞ்சின் தலைமேலுள்ள லிவரை இடது கையால் அழுத்திக்கொண்டு வேகம் ஏற்றி, லிவரை விட்டேன். இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. கோ லின் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தான். “அது என் தோள் சூடேற. இப்பத்தான் கணக்கு” என்று சொல்லி மறுபடி சுற்றினேன். கறுப்பாக ஒரு புகை விட்டது பார், பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் போச்சு. பிறகு பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு டோ சான் துணிக்காகத் திட்ட வந்தவள், சத்தத்தைக் கேட்டு, “கல்யாணமா? யார் வீட்டுல?” என்று கேட்டாள். கோ லின் இரண்டு டீ குடித்தான். போகும்போது குரலைத் தாழ்த்தி, “ஊலே, என் கடையில ஒண்ணு ஓடாமக் கிடக்கு. ஒருநாள் வந்து பாக்குறீங்களா?” என்றான். பார்க்கிறேன் என்றேன். ஆக, நீ அனுப்பிய வியாபாரம் இப்படி முடிந்தது.

இஞ்சினை நான் நிறுத்தவில்லை, ஓடவிட்டேன். இனி எழுதுவதைக் கவனமாகப் படி, ஒருநாள் நீ இதையெல்லாம் தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டியிருக்கும். டேங்கில் இருந்த டீசலை வடித்து ஐஸ் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அரை டேங்க் விட்டுவைத்தால் மழைக்காலத்தில் மேல்பாதி வேர்த்து, அந்தத் தண்ணீர் அடியில் இறங்கி, டீசல் தயிர் மாதிரி திரிந்துவிடும். அடியில் மிச்சமிருந்த ஒரு குவளை டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து, அதைக் குடிக்க வைத்து நிறுத்தினேன். பம்பின் உள்பக்கமெல்லாம் இப்போது எண்ணெய் பூசியிருக்கும், துரு ஏறாது. சூடு ஆறுவதற்குள் கீழ் மூடியைத் திறந்து பழைய ஆயிலை வடித்தேன். “இப்பத்தான ஓடிச்சு பாவம், அதுக்குள்ள வயித்த ஏன் அறுக்குறீங்க?” என்று கேட்டாள் உன் அம்மா. சூடாக இருந்தால்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். பழைய ஆயிலோடு வருடக்கணக்கில் கிடந்தால் அதுவே உலோகத்தை அரித்துவிடும். வடித்த கையோடு, மூடியை இறுக்கின கையோடு, புது ஆயிலை ஊற்றினேன். வேறு எந்த வேலைக்கும் எழுந்து போகவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குப் பதினேழு வயது. அந்த வருடம் மின்சாரம் ஓரளவு ஒழுங்காக வந்தது. கோடை வரும்வரை இஞ்சின் வேண்டாம் என்று ஆயிலை வடித்தேன். புது ஆயில் கையில் இல்லை. பிறகு ஊற்றலாம் என்று கைப்பிடியில் என் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனேன். ஒரு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. உன் அம்மா வழக்கம்போல ஸ்பானர், சுத்தியல், இஞ்சின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒவ்வொரு வருடமும் பூஜைக்கு இஞ்சினுக்கு நாம் கட்டுவதும் சிவப்புத் துணிதானே? அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் விஜயதசமி. பூஜைத் துணியை அவிழ்த்து ஐந்து நிமிடம் இஞ்சினை ஓட்டி எடுப்பது நம் வீட்டு வழக்கம். நான் போட்டாதாங்கில் ஒரு படகு இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லையே, நல்ல நாளில் இஞ்சின் சும்மா இருக்கக் கூடாதே என்று நீ குளித்துவிட்டு, துணியை அவிழ்த்து, சாமி கும்பிட்டு, தனியாகவே சுற்றி ஓட்டிவிட்டாய். முதல் தடவை தனியாக. எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய். ஆயில் இல்லாத இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, அலறி, இறுகி நின்றுவிட்டது.

நான் சாயங்காலம் வந்தேன். தெருவே கொட்டகை வாசலில் நின்றது. நீ அழவில்லை. “துணி பூஜைக்குக் கட்டினதுன்னு நெனச்சேன்ப்பா. ஆயில் இல்லன்னு ஒரு சீட்டு எழுதி மாட்டியிருக்கலாமேப்பா” என்றாய். அதற்குத்தான் அடித்தேன். இஞ்சின் போனதற்காக அடித்தேன் என்று நீயும் தெருவும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இஞ்சினை நான் பத்து நாளில் பிரித்துச் சரிசெய்துவிடுவேன் என்று பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். ‘எழுதியிருக்கலாமே’ என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்ததோடு விட்டேனா? “நேத்தே சொன்னேன்ல, காதுல வாங்கினியா?” என்று ஒரு பொய்யும் சொன்னேன். நான் சொல்லவில்லை. சொல்லவே இல்லை, செல்வம். நீ என்னைப் பார்த்தாய். எல்லார் முன்னாலும் என்னைப் பொய்யனாக்காமல் அந்தப் பழியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியை நீ தொட்டதில்லை. ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகிறேன் என்றாய். நான் பெருமையாகத் தலையாட்டினேன், உன் மனசு எங்கே முறிந்தது என்று தெரியாதவன் மாதிரி.

தப்பு என்னுடையது. உன்மேல் ஒரு துளி தப்பும் இல்லை. இந்த இரண்டு வரியை எழுதுவதற்காக நான்கு மாதம் பாக்கியத்திடம் பேச்சு வாங்கினேன். உன் அம்மா கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவாள், அது உனக்கு. இதையே இன்னொரு தாளில் எழுதிக் கோயில் மண்டபத்துப் பலகையில் ஒட்டப் போகிறேன். பாக்கியம், “வேணாம் மாமா, வீட்டு விசயம்” என்று தடுத்துப் பார்த்தாள். தெரு பார்க்க அடித்தேன், தெரு படிக்கட்டும். அன்று வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே நின்று வாசித்துக் காட்டுவேன். எனக்கென்ன வெட்கம், இப்போதுதான் படிக்கத் தெரியுமே!

மிச்ச வேலையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டியை முழுக்க வடித்து, குழாயை மூடாமல் விட்டிருக்கிறேன். காற்று போகும் வாயில் ஒரு கரண்டி ஆயில் விட்டு, லிவரை அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றி உள்ளே பரவவிட்டேன். பிறகு லிவரை விட்டு, கைப்பிடி எங்கே கனக்கிறதோ அங்கேயே நிறுத்தினேன். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. புகைக்குழாய் வாயில் எண்ணெய்த் துணி சுற்றிய பால் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறேன். எலி கம்பியைக் கடிக்காமலிருக்க டைனமோவைச் சுற்றிக் கம்பிவலை. பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் பசுன்டாங் ஓடைத் தண்ணீர் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு வரும் என்பது நினைவிருக்கும், அதனால் எதிர்வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு இஞ்சினைத் தேக்குக் கட்டைமேல் முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். பிளாஸ்டிக்கால் மூடாதே, உள்ளே வேர்க்கும். உன் அம்மா பழைய லோஞ்ஜி நான்கைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். அதில் ஒன்று உன்னுடையது, பச்சைக் கட்டம் போட்டது. வேண்டுமென்றே அதை எடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

பினாங்குக்கு நாங்கள் வரமாட்டோம். கோபத்தில் எழுதவில்லை, சந்தோஷமாகவே எழுதுகிறேன். எனக்கு இங்கே வகுப்பு இருக்கிறது, அடுத்த மாதம் எழுத்துப் பரீட்சை. கோ லின்னின் இஞ்சின் காத்திருக்கிறது. நீ ஏன் போனாய் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று உன் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் தெருவில் இல்லை. போ என்று முதலில் சொன்னவன் நான்தான், அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கமாட்டேன், அதற்குப் பதில் உன் கையில் இல்லை. ஆனால் ‘விடுங்கப்பா’ என்று மட்டும் சொல்லாதே. விற்ற இஞ்சினை மறுபடி ஓட்ட முடியாது. தூங்குகிற இஞ்சினை எத்தனை வருடம் கழித்தும் ஓட்டலாம், தூங்கவைத்தவன் பொய் சொல்லாமல் சீட்டு எழுதி மாட்டியிருந்தால்.

சீட்டு எழுதினேன். அட்டையில், பெரிய எழுத்தில், நானே. இந்தக் கைப்பிடியில் இனிமேல் சிவப்புத் துணி கிடையாது, பூஜைக்குக்கூட மஞ்சள்தான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சீட்டில் இருப்பது இதுதான்: ‘ஆயில் இருக்கிறது. தண்ணீர் இல்லை. டீசல் இல்லை. சைலன்சர் வாய் அடைத்திருக்கிறது. செல்வம் வந்து அவிழ்ப்பான்.’ ‘அவிழ்ப்பான்’ என்பதில் அந்த ‘ழ’ இருக்கிறது பார், அதற்கு மட்டும் வேறு சொல் தேடவில்லை. உன் அம்மாவுக்குப் பர்மிய எழுத்து மட்டும்தான் தெரியும், அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல அவன் பேரு எது?” என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் விரலை ஓட்டினாள். பிறகு, “எழுத்து கோணலா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவளே கைப்பிடியில் கட்டினாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது முடிகிற வேலை இல்லை. தூங்குகிற இஞ்சினைக் கையால் அவ்வப்போது சுற்றிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் ஒரே இடத்தில் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை போதும் என்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் சுற்றுவேன். லிவரை அழுத்திக்கொண்டு மெதுவாக இரண்டு சுற்று, பிறகு கனக்கிற இடத்தில் நிறுத்தம். அதை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உனக்கு எழுத உட்காருவேன். வருகிற ஞாயிறும் அப்படித்தான். கடிதம் வந்தால் இஞ்சின் இறுகவில்லை என்று தெரிந்துகொள்.

உன் அப்பா